சொட்டு இல்ல!

சணலை நான்கு இழையாகப் பிரித்து, குழாயின் மரைமேல் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தார் பிளம்பர். சுற்றி முடித்ததும் கட்டைவிரலால் ஒரு தடவு. பிறகு எல்போ என்கிற வளைவு இணைப்பை மாட்டி ரென்ச்சால் இரண்டரைச் சுற்று இறுக்கினார். மூன்றாவது சுற்றுக்குப் போகவில்லை. போனால் எல்போ வெடித்துவிடும். நான் கையுறையை மாட்டிக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தேன்.

நான் வீடு வீடாகப் போகிற நர்ஸ். திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணிக்கு அந்த இரண்டாம் மாடி வீட்டில் எனக்கு வேலை. பிளம்பரின் வயிற்றில் இருக்கும் பையை மாற்றுவேன். இரண்டு வருடத்துக்கு முன் குடலில் கட்டி வந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சக் குடலின் முனையைத் தொப்புளுக்கு இடப்பக்கம் சின்ன வாய் போலத் திறந்துவிட்டார்கள். கழிவு அந்த வழியே வந்து பையில் சேரும். தோலில் ஒட்டுகிற தட்டு ஒன்று, அதில் மாட்டுகிற பை ஒன்று, அவ்வளவுதான் விஷயம். உயிர் போயிருக்க வேண்டிய மனிதர் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது என் கட்சி.

அவர் கட்சி வேறு. நான் வேலை செய்கிற இருபது நிமிடமும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார். தன் வயிற்றை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கூரையில் ஓர் ஈரக் கறை இருந்தது.

"மேல் வீட்டுல வாஷர் போயிருக்கு," என்பார், ஒவ்வொரு முறையும்.

"போய் மாத்திட்டு வாங்களேன்."

பதினாறு வயதில் தொழிலுக்கு வந்தவர். நகரத்தில் பாதி மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றியவர். வேலை முடிந்தால் வால்வைத் திறந்து, கால் மணி நேரம் காத்திருந்து, ஈரமில்லாத விரலால் ஜாயிண்டைச் சுற்றித் தடவிப் பார்த்து, கீழ்த்தளம் வரை கேட்கும்படி "சொட்டு இல்ல!" என்று ஒரு குரல் கொடுப்பாராம். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் கூலியைக் கொடுப்பார்கள் என்று அவர் மனைவி சொல்வார். ஆபரேஷனுக்குப் பிறகு அடுத்தவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. முன் அறையில் உட்கார்ந்து மற்ற பிளம்பர்களுக்கு மரை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை மனைவி விஷயத்தை உடைத்தார்.

"சனிக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் பேத்தியோட வர்றாங்கக்கா. ஞாயித்துக்கிழமை பீச். இவரு போன வருஷம் மாதிரியே தலைவலின்னு வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்திக்கிட்டு அஞ்சு மணி நேரம் உக்காந்திருப்பாரு. நானும் கூடவே வேகணும்."

நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் அந்தக் கடற்கரை. அலைச்சறுக்குப் பழகக் குடும்பம் குடும்பமாக வருகிற இடம். வெகுதூரம் வரை மணல்திட்டு, இடுப்பளவுத் தண்ணீர், இடுப்பளவே அலை. குழந்தைகளையும் கிழவர்களையும் அது ஒன்றும் செய்யாது.

"மகளுக்குத் தெரியும்தானே? அப்புறம் என்ன?" என்றேன்.

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் கறையைப் பார்த்தார்.

"ஆறே மாசத்துல எடுத்துட்டாங்க, எல்லாம் பழையபடி ஆயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்காரு. என்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

"மாப்பிள்ளை முன்னாடி தண்ணிக்குள்ள அது பிடுங்கிக்கிட்டா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?" என்றார் பிளம்பர், கூரையிடம்.

"பிடுங்காது."

"அத நீங்க சொல்லக் கூடாது. ஜாயிண்ட் போட்டவன் பேச்ச நம்பக் கூடாது. தண்ணி சொல்லணும்."

"அப்போ தண்ணியையே கேளுங்க. குளியல் தொட்டி எதுக்கு இருக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்த மனைவியின் கையில் பிளீச்சிங் பவுடர் வாடை.

"நீங்க சொன்னீங்கன்னு நேத்து தொட்டிய ரொப்பி இறங்கிட்டாருக்கா. அஞ்சே நிமிஷம். நான் தொட்டிய மூணு தடவ கழுவியாச்சு."

படுக்க வைத்துப் பார்த்தேன். நான் ஒட்டிவிட்டுப் போன தட்டைச் சுற்றி, குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பைச் செருகியிருந்தார் மனிதர். கண்ணால் பார்க்காமல், வாஷ்பேசினுக்குப் பின்னால் வேலை செய்வதுபோல, விரல் தடவியே செய்த வேலை. டேப் தட்டின் விளிம்புக்கு அடியில் புகுந்து அதைத் தூக்கிவிட்டிருந்தது. சுற்றிலும் தோல் சிவந்து கிடந்தது.

"நாப்பது வருஷம் தொழில் பண்ணவரு பண்ற வேலையா இது?"

"டபுள் சீலிங் இருந்தா நல்லதுன்னு..."

"குழாய்க்கு வேர்க்குமா? குழாய் மூச்சு விடுமா? இது தோல். தோல் காஞ்சிருக்கணும், தட்டு சூடா இருக்கணும், அழுத்தம் வேணும். வேற எதுவும் கூடாது. எங்க, கையக் குடுங்க."

தோலைக் கழுவித் துடைத்துப் புதுத் தட்டை வைத்தேன். அவர் உள்ளங்கையை இழுத்து அதன்மேல் வைத்து நூறு எண்ணச் சொன்னேன். அந்தக் கை சும்மாவா? எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பதில், எனக்கு என்ன தோன்றியதோ, "இரண்டரைச் சுத்துதான், மூணு வேணாம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி உட்கார வைத்தோம். பத்து நிமிடம் போனதும் அவரே குறை கண்டுபிடித்தார்.

"சும்மா தேங்கின தண்ணில என்ன டெஸ்ட்டு? அங்க அலை அடிக்கும்ல?"

மனைவி ஒரு வார்த்தை பேசாமல் வாளியை எடுத்துவந்தார். தொட்டியில் மொண்டு வயிற்றைப் பார்த்து வீசினார். ஒன்று, இரண்டு, இருபது. போகப் போகக் குறி வயிற்றிலிருந்து முகத்துக்கு நகர்ந்தது.

"ஏய், முகத்துல என்ன ஜாயிண்டா இருக்கு?"

"பேசாம இருங்க. போன வருஷம் வண்டிக்குள்ள வெந்ததுக்கு இது."

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து எழுந்தார். தண்ணீர் புகுந்தால் தட்டின் விளிம்பு வெளுத்து உப்பும். அது வெளுக்கவும் இல்லை, உப்பவும் இல்லை. நான் சொன்னேன். அவர் விரலால் தடவினார். குனிந்து மட்டும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மடக்கு நாற்காலி, மாற்றுப் பை இரண்டு, துணி, குப்பை உறை. மகளிடம் என்னைப் பக்கத்து வீட்டு அக்கா என்று சொல்லியிருந்தார்கள். எனக்குப் பொய் சரளமாக வராது, ஆகவே வாயைத் திறக்கவில்லை. பிளம்பர் காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டு, பையைக் காலி செய்து, அகலமான இடுப்புப் பட்டை கட்டி, அதன்மேல் கழுத்து வரை மூடிய நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார். மகள் வாயைப் பிளந்தாள். நேற்று வந்ததிலிருந்து அவர் கண்ணில் அதிகம் படாமல் இருந்த மாப்பிள்ளை, இரண்டடி தள்ளி நின்று, "வாங்க மாமா" என்றார்.

அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்கு மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. தொண்டை மட்டும் விசில். மணலில் வரிசையாகப் பலகைகளைப் போட்டு, "எல்லாரும் பலகைமேல குப்புறப் படுங்க!" என்றாள்.

மகள் படுத்தாள். மாப்பிள்ளை படுத்தார். ஏழு வயதுப் பேத்தி படுத்து மணலில் நீச்சல் அடித்தாள். பிளம்பர் நின்றுகொண்டிருந்தார்.

இதை நான் யோசிக்கவில்லை. தண்ணீரைப் பற்றி யோசித்தேன், அலையைப் பற்றி யோசித்தேன், பை மேலேயே படுக்கச் சொல்வார்கள் என்று யோசிக்கவில்லை. என் தப்புதான். முதுகுவலி என்று ஏதாவது சொல்லி இழுத்துவரலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கக்கா. அவரே சொல்லட்டும்."

"அங்கிள், படுங்க," என்றாள் அந்தப் பெண்.

அவர் வண்டி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். நூறடி இருக்கும். பிறகு குழாய் வேலை விளக்குகிற குரலில் சொன்னார்:

"எனக்கு வயித்துல பைபாஸ் லைன் போட்டிருக்கு. இந்த இடத்துல பை இருக்கு. அதுமேல படுக்கக் கூடாது."

அந்தப் பெண் தலையாட்டினாள். "சரி, அப்ப முட்டி போட்டு ஏறுங்க," என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் காலைச் சரிசெய்யப் போய்விட்டாள். அவளுக்கு விஷயம் அதோடு முடிந்தது.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களேப்பா?"

"எடுக்கல."

"அம்மா, உனக்கும் தெரியுமா?"

"சத்தியம் வாங்கிட்டாருடி," என்று இங்கிருந்தே கத்தினார் மனைவி.

மாப்பிள்ளைதான் முகத்தில் ஒட்டிய மணலோடு எழுந்து வந்தார். "மாமா, இதுக்குத்தானா? ரெண்டு வருஷமா நான் வந்தா எழுந்து அடுத்த ரூமுக்குப் போயிடுறீங்க. கட்டிப்பிடிக்க வந்தா கைய நீட்டித் தள்ளிவிட்டீங்க. என்மேல என்ன கோபம், என்ன கோபம்னு உங்க பொண்ண நான் நச்சரிச்சுட்டே இருக்கேன்!"

"பை நசுங்கிடும்னு பயந்தேன், மாப்பிள்ளை."

"அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தாத்தா, அந்தப் பைக்குள்ள என்ன இருக்கு?" என்றாள் பேத்தி.

"நேத்து நீயும் நானும் சாப்பிட்டது."

"அய்யே!" என்று அவள் மணலில் புரண்டு சிரித்தாள். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தண்ணீருக்குள் போனார்கள். ஐந்து முறை விழுந்தார் பிளம்பர். ஒவ்வொரு முறையும் எழுந்து பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளையும் விழுந்தார், அவர் மூக்கால் கடலைக் குடித்தார். ஆறாவது அலைக்கு அந்தப் பெண் பலகையைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். பலகை ஓடியது. அதன்மேல் இவர் முட்டி போட்டிருந்தார். நாற்பது வருடம் தொட்டிக்கு அடியில் முட்டி போட்டவரோடு அதில் யார் போட்டி போட முடியும்? பிறகு ஒரு பாதத்தை முன்னால் ஊன்றினார். கையை எடுத்தார். முதுகை வளைத்தபடியே இடுப்பைத் தூக்கி, தலையைக் கடைசியாக நிமிர்த்தினார். வாஷ்பேசினுக்கு அடியிலிருந்து மண்டை இடிக்காமல் வெளியே வருகிற அதே முறை. நின்றுவிட்டார். அலை அவரைத் தூக்கிக்கொண்டு கரைவரை வந்தது. நான் பன்னிரண்டு எண்ணினேன். பலகை மணலைத் தட்டியது. படி இறங்குவதுபோல இறங்கினார்.

"இப்படி எழுந்திரிக்க யாரு சொல்லிக்குடுத்தாங்க?" என்று அந்தப் பெண் ஓடிவந்தாள். "படுத்து எழுந்திரிக்கிறவங்களே முதல் நாள் நிக்க மாட்டாங்க!"

"வாஷ்பேசின்," என்றார்.

மாப்பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தார். இந்த முறை பக்கவாட்டில், வலப்பக்கமாக. விஷயம் தெரிந்த ஆள்.

அன்று இன்னும் நான்கு முறை நின்றார். மாப்பிள்ளை ஒரு முறைகூட நிற்கவில்லை. பேத்தி கணக்கை ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தாள். பிறகு பிளம்பர் என்னிடம் மாற்றுப் பையை வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனார். "நான் வரட்டுமா?" என்றேன். "வேணாம், பாத்துக்குறேன்" என்று தாழ் போட்டார். நாங்கள் வெளியே நின்றோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"சொட்டு இல்ல!"

வரிசையில் துண்டோடு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவிக்கு மட்டும் கண் கலங்கியது. இரண்டு வருடமாக அந்தக் குரல் அவர் காதில் விழவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனபோது கதவு திறந்தே இருந்தது. படுக்கையில் துண்டை விரித்து, தட்டு, பை, கத்தரிக்கோல், அளவுகோல், துணி எல்லாவற்றையும் வேலைக்குக் கருவி எடுத்து வைப்பதுபோல வரிசையாக வைத்திருந்தார். உட்கார்ந்தபடி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "சின்னதாத்தான் இருக்கு," என்றார். கழுவினார், துடைத்தார், அளந்து தட்டை வெட்டினார். நான் வெட்டுவதைவிடச் சுத்தமான வட்டம். உள்ளங்கையில் சூடாக்கி ஒட்டி நூறு எண்ணினார். பதினான்கு நிமிடம். நான் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு கருவிப் பையை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் மனைவி.

"மேல் வீட்டுக்கு. வாஷர் போயிருக்கு."

மாடிப்படியில் காலடி கேட்டது. சற்று நேரத்தில் கூரைக்கு மேலே ரென்ச் சத்தம். நான் கையுறையைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தேன். வேலை நாள் குறிக்கும் நோட்டை எடுத்து அந்த வீட்டின் புதன்கிழமையையும் வெள்ளிக்கிழமையையும் அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனேன்.