செபமாலை வாங்கிய குத்து

போன கிழமை மல்லாவியிலிருந்து பயணப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்த, செபமாலையின் மனைவி றீற்றாவின் தம்பி, எங்கள் படலையில் நின்றபடியே சொன்னார்: “அத்தான் மோசம் போயிட்டார். மலேரியா. மூளைக்கு ஏறிட்டுதாம்.” நான் அவரை உள்ளே வரச் சொல்லவும் மறந்து நின்றேன். செபமாலைக்கு நாற்பது வயதும் ஆகவில்லை.

நாங்கள் வவுனியாவுக்கு வருமுன், மல்லாவிப் பள்ளிக்கூட வளவில் எங்களுடன் கராத்தே பழகியவர்களுக்கு அவரை மறந்திருக்காது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழிலாளி. எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணப் பொருட்கள் நிறுத்துக் கொடுப்பவன். வகுப்பில் முப்பதைத் தாண்டியவர்கள் நாங்கள் இருவர்தான்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று அப்போது யாருக்கும் சொல்லவில்லை. பங்கீட்டு அட்டைத் தகராறில் ஒருவன், வரிசை முழுவதும் பார்த்திருக்க, என் கன்னத்தில் அறைந்தான். அந்த வரிசையில் என் மனைவியும் நின்றாள். நான் குனிந்து சீனியை நிறுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆம்பிளை என்றால் திருப்பி அடித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை அரித்தது.

செபமாலையின் சிக்கல் வேறு. எதிரே ஒரு கை உயர்ந்தால் போதும், கண்களை இறுக மூடிவிடுவார். அவ்வளவு பெரிய உடம்பை நான் மூன்று குத்தில் வட்டத்துக்கு வெளியே தள்ளினேன். வகுப்பிலிருந்த இளம் பெடியள் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒரு மாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது காரணத்தைச் சொன்னார். கடலில் அவர்களின் வள்ளத்தின் மேல் ஹெலிகொப்டர் சுட்டபோது, அவருடைய அண்ணன் அவர் மடியில் விழுந்துதான் இறந்திருக்கிறார்.

“செத்தவீட்டில நான் அழ, மாமா வந்து தோளைப் பிடிச்சு, ‘ஆம்பிளை அழக்கூடாது’ எண்டார். நிப்பாட்டிட்டன். அந்த நாளில இருந்துதான் இந்தக் கண் மூடுறது.”

“இதை வெளியில சொல்லாதேங்கோ,” என்றேன்.

“ஏன்? பயந்தது உண்மைதானே,” என்றார்.

ஆறேழு மாதம் கழித்து, மல்லாவிச் சந்தையில் என்னை அறைந்தவனைக் கண்டேன். சைக்கிள் திருத்தும் கடையில் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றான். கூட வந்த செபமாலையிடம் “இவன்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே போனேன். அவன் நிமிர்ந்தான். பழகிய குத்தை முழுப் பலத்தோடும் விட்டேன். அது இடையில் வந்து நின்ற செபமாலையின் வாயில் விழுந்தது. உதடு வெடித்து இரத்தம் வந்தது. நான் கையை ஓங்கியதிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இமைகூட அசையவில்லை.

“அவன்ர கையைப் பாருங்கோ,” என்றார்.

பம்பைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தவரிடம், “உங்களுக்குப் பயம் போயிட்டுது,” என்றேன்.

“இல்லை, பயம் கிடக்கு. கண்ணைத் திறந்துகொண்டு பயப்பிடப் பழகிட்டன்.”

அன்று வீட்டுக்குப் போய், அறை வாங்கிய நாளைப் பற்றி மனைவியிடம் முதன்முதலாகப் பேசினேன். அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள். “நீங்கள் திருப்பி அடிச்சிடுவியளோ எண்டுதான் நான் பயந்து நிண்டனான்,” என்றாள்.

றீற்றா தம்பியிடம் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். கடைசி நாளில், ஆஸ்பத்திரி வார்டில் எல்லாரும் பார்த்திருக்க, ‘பயமாக் கிடக்கு றீற்றா, கையைப் பிடியும்’ என்று செபமாலை கேட்டாராம். ‘நான் கையை விடவில்லை’ என்று எழுதியிருக்கிறார்.

கராத்தேயில் பழகிய எதுவும் இப்போது என் உடம்பில் இல்லை. செபமாலையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். நேற்று நானும் மனைவியும் வவுனியாவில் தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்கும் வரிசையில் நின்றோம். முந்தின நாள் அந்த வரிசையிலிருந்து இரண்டு பேரை ஆமிக்காரர் விசாரணைக்கென்று கொண்டுபோயிருந்தார்கள். மனைவியின் பக்கம் திரும்பி, “எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றேன்.

“எனக்கும்தான்,” என்றாள்.

வரிசை நகர்ந்தது. நாங்களும் ஓரடி முன்னே போனோம்.