குரல் போவதற்கு முந்தின நாள்

உலகம் முழுக்கச் சலித்தாலும் ஜெரோலமோ மாமா மாதிரி நொட்டை சொல்ல ஆள் கிடைக்காது. கடவுள் உலகத்தைப் படைத்த கையோடு ஓய்வெடுக்கப் போனது களைப்பால் இல்லை, மாமாவிடம் காட்டப் பயந்துதான். எங்கள் துறைமுக ஊரான ஜெனோவாவே, 'கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள், முணுமுணுக்கும் உரிமையில் கை வைக்காதே' என்று கப்பல் முதலாளிகளிடம் பேரம் பேசிய மாலுமிகளின் ஊர். அந்த ஊரிலேயே அவர்தான் முதல்.

துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டும் வேலை பார்த்தவர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று அவர் சொன்னார். புற்று என்று டாக்டர் சொன்னார். மறுநாள் காலை அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள்.

காபியில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தவரிடம் இல்டா அத்தை கேட்டார்:

"ஏன்யா, குரல் போறதுக்குள்ள என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லேன்."

மாமா வாயைத் திறந்தார். "ரொட்டி நேத்துதா?"

அத்தை பதிலுக்குக் கத்தியிருந்தால் மாமா வீட்டிலேயே இருந்திருப்பார். அத்தையோ எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் எங்கேயாவது மயங்கி விழுந்துவிடப் போகிறார் என்று மேல்வீட்டிலிருந்த என்னைப் பின்னால் அனுப்பினார் அத்தை.

"ஒளிஞ்சு போடி பியா. பார்த்தார்னா உன் நடையையும் நொட்டை சொல்வார்."

மாமாவுக்கு வேண்டியது ஒரே ஒரு நல்ல வார்த்தை. வெளியில் நாலு பேரிடம் சொல்லி நாக்கைப் பழக்கிக்கொண்டு வீடு திரும்பலாம் என்பது அவர் கணக்கு.

துறைமுகத்தையொட்டிய வளைவு மண்டபக் கடையொன்றில் பொரித்த நெத்திலி வாங்கினார்.

"எப்படி இருக்கு மாமா?" என்றார் கடைக்காரர்.

'நல்லா' என்பது பல் வரைக்கும் வந்தது. "எண்ணெய் உங்க தாத்தா ஊத்தினதா?" என்றது வாய்.

"அப்பாடா, மனுஷன் சுகமாத்தான் இருக்கார்!" என்று கடையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு நடந்தார்.

சான் லோரென்சோ கோயில் சுவரின் கறுப்பு வெள்ளைக் கல் பட்டைகளை அண்ணாந்து பார்த்தார். "கழுவறதே இல்லை போல." லிஃப்ட் இருந்தும் காஸ்டெல்லெத்தோ மேட்டுக்குப் படியேறியே போனார். மூச்சில் விசில் கேட்டது. மேலே போனதும் ஓட்டுக்கூரைகள், கிரேன்கள், கலங்கரை விளக்கம், அதற்கப்பால் கடல் என்று ஊரே காலடியில் கிடந்தது. ஊமைகூட 'ஆகா' என்று சொல்லிவிடுவான். "கிரேன்லாம் துரு," என்றார் மாமா. சொன்னதில் பாதி காற்றாகத்தான் வந்தது.

தொண்டையைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மிச்சமிருந்த குரலை நெத்திலிக்கும் கோயிலுக்கும் செலவழித்தாயிற்று. இல்டாவுக்கு என்று எதுவும் தேறுமா? முகம் சுண்டிப் போயிருந்தது.

சாயங்காலம் அவர் கால்கள் பழைய படகுத்துறைக்குப் போய் நின்றன. கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அத்தைக்குப் போன் போட்டேன்.

அத்தை வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். கையில் மப்ளர்.

"குளிர்ல உக்காந்து என்னய்யா பண்றே?"

"இந்த மப்ளர்..." மாமா ஆரம்பித்தார். வழக்கம்போல நொட்டைதான் வரப் போகிறது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா நிறுத்தினார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்டா, எனக்கு எல்லார் மேலயும் புகார் இருக்கு. ஊர் மேல, கடல் மேல, கடவுள் மேல." மூச்சு வாங்கினார். "உன்மேல எதுவும் இல்ல."

அத்தை மப்ளரை அவர் கழுத்தில் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

"பியா!" படகு மறைவைப் பார்த்து மாமா கரகரத்தார். "வெளிய வாடி. காலையிலேர்ந்து ஆனை மாதிரி நடந்து வர்றே. எதுக்கு அழுவுறே?"

"யார் அழுதா? கடல் காத்து மாமா. கண்ணுல உப்பு."

"இன்னிக்கு அடிக்கிறது மலைக்காத்து," என்றார் மாமா. "அதுல ஏதுடி உப்பு?"