ஒரு பல் குறைந்த யாளி

போன மாதம் ஒரு கம்பெனி ஆள் கடைக்கு வந்தார். கையில் புது லேப்டாப். மூடியின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தது. வரும் வழியில் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாராம். சென்னையிலிருந்து நம் ஊருக்கு விற்க வருகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டு வேலையும் முடித்துக்கொள்வார்கள்.

என் கடை செவிலிமேட்டில் இருக்கிறது. பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிற கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் கம்ப்யூட்டர் பக்கம்தான் திரும்பும், என் பக்கம் திரும்பாது. இரண்டிலும் லினக்ஸ் என்கிற சிஸ்டம் ஓடுகிறது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நான் உள்ளே பார்த்ததில்லை. ஒன்பதாவதோடு நின்றவள், பார்த்தாலும் புரியாது. ஆனால் பார்க்கலாம் என்பது தெரியும். வீட்டில் பின்கதவு இருக்கிற மாதிரி. தினமும் அதன் வழியாகப் போகிறோமா என்ன? இருக்கிறது, அவ்வளவுதான்.

வந்தவர் கொண்டுவந்தது ஒரு புது சிஸ்டம். டிசைன் போடுகிறவர்களுக்கென்றே செய்ததாம். வரைகிற புரோகிராம், தறி அட்டை குத்துகிற மிஷினுக்கு அனுப்புகிற வேலை, எல்லாம் அதற்குள்ளேயே வருகிறதாம். லினக்ஸ் எல்லாம் இனிமேல் காலேஜ் பசங்கள் விளையாடத்தான் என்றார். எனக்கு வேலை கொடுக்கிற பெரிய பட்டுக்கடை இதற்கு மாறிவிட்டது. தனக்கு டிசைன் போடுகிற எல்லாரும் மாற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். என் வேலையில் பாதிக்கு மேல் அவருடையது. அதனால் கம்பெனி ஆளை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். இல்லாவிட்டால் டீ கிடையாது.

விலை என்ன என்று கேட்டேன்.

"ஃப்ரீதான்க்கா."

"சும்மா குடுக்கறீங்களா? ஏன்?"

அவர் சிரித்தார். லேப்டாப்பைத் திறந்தார். உள்ளே சூடானதும் மூடியின் சந்தனம் மணந்தது. அந்த மணத்தில் எனக்கு நாகையா ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

நாகையாதான் என் முதல் முதலாளி. தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். பிள்ளையார்பாளையத்தில் டிசைன் கடை வைத்திருந்தார். நான் அங்கே அட்டை அடுக்குகிற வேலைக்குச் சேர்ந்தேன். புடவையில் பூ விழ வேண்டுமானால் தறிக்கு மேலே ஓட்டை குத்திய அட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்துத் தொங்கவிடுவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. ஒரு அட்டை இடம் மாறினால் மயில் வாத்தாகிவிடும். நான் சேர்ந்த புதிதில் ஒன்றிரண்டு வாத்து வந்தது உண்டு.

அவரிடம் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் காசு கொடுத்து வாங்கிய டிசைன் புரோகிராம். அதற்கு ஒரு சாவி. சாவி என்றால் நிஜச் சாவி இல்லை. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் துண்டு, பின்னால் சொருக வேண்டும். சொருகினால்தான் புரோகிராம் திறக்கும். நாகையா அதை அரைஞாணில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார். காலையில் வந்ததும் திரும்பி நின்று வேட்டியைத் தளர்த்தி அவிழ்த்து எடுப்பார். அந்த நேரம் நாங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஒரு வருஷம் ஆயுத பூஜை வந்தது. கடையைக் கழுவி, எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தோம். அட்டை குத்துகிற மிஷினுக்கு, கத்தரிக்கோலுக்கு, கம்ப்யூட்டருக்கு, அதன் எலிக்கு. கடைசியில் நாகையா சாவியை எடுத்தார். கடையிலேயே விலை உயர்ந்த ஆயுதம் அதுதானே. ஈரத்துணியால் துடைத்து, சந்தனத்தைக் குழைத்து, முழுக்கப் பூசினார். சொருகுகிற வாய்க்குள்ளும் பூசினார். வாய்க்குத்தானே முதலில் படைக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. நடுவில் குங்குமம். பூஜையில் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி, பேருக்காவது வேலை தொடங்க வேண்டும். சாவியைச் சொருகினார். சாவி இல்லை என்றது கம்ப்யூட்டர். எடுத்து ஊதினார். ஊசியால் சுரண்டினார். வேட்டி முனையால் துடைத்தார். இல்லை என்றே சொன்னது.

"ஏமாயிந்தி?" என்றார், என்ன ஆயிற்று என்று. எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை, அதைப் பார்த்துத்தான் கேட்டார்.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். சாவியைப் புதிதாக வாங்க வேண்டும், அது வர நாளாகும், அதுவரை பழைய டிசைன் எதுவும் திறக்காது என்றார்கள். டிசைன் எல்லாம் தான் வரைந்தது என்று நாகையா சொன்னார். அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை அவர் போனை வைத்த பிறகு எங்களிடம் அப்படியே சொன்னார்.

"டிசைன் ஒங்களுதுதான் சார், தெறக்கறதுதான் எங்களுதுங்கறான்."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணப் புடவை அப்போது முனுசாமி வீட்டுத் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் யாளி வரிசை. கரைக்கு அட்டை குத்திக் கொடுத்தாயிற்று. முந்திக்கு இன்னும் குத்தவில்லை. அதே யாளிதான் முந்தியிலும் அடுக்காக வர வேண்டும். தறி முந்திக்கு வந்து சேர்ந்தால் நின்றுவிடும். கல்யாணம் நிற்காது.

மேரியைக் கூப்பிட்டது நான்தான். முசரவாக்கத்துப் பெண், எங்கள் காலனி. என்னோடு படித்தவள், நான் நின்ற பிறகும் படித்தவள். ஏனாத்தூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ரூமில் அவளும் நாலைந்து பேரும் உட்காருவார்கள். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் லினக்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். சிடியும் கொடுப்பார்கள். வந்தவர்களிடம் சாதியும் கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை. அதனாலேயே ஊரில் பாதிப் பேர் சந்தேகப்பட்டார்கள். மதம் மாற்றுகிற சிடி என்று ஒருவர் சொன்னதாக ஞாபகம்.

நாகையாவும் சந்தேகப்பட்டார். மேரி கடைக்கு வந்து சிடியை எடுத்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

"சும்மா குடுக்கறியா? ஏன்மா?"

"எனக்கு ஒருத்தர் சும்மா குடுத்தாரு. நான் ஒங்களுக்குக் குடுக்கறேன். நீங்க யாருக்காச்சும் குடுத்துடுங்க. அவ்ளோதான்."

நாகையா கட்டிய கையை அவிழ்த்தார்.

மேரி போட்ட சிஸ்டம் ஓடியது. வரைகிற புரோகிராம் அதிலும் இருந்தது, கட்டம் கட்டமாக. ஆனால் பூட்டிய ஃபைல் திறக்கவில்லை. அது போனது போனதுதான் என்றாள் மேரி. அந்த யாளி வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். தறியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

கிராஃப் பேப்பரை எடுத்துக்கொண்டு முனுசாமி வீட்டுக்குப் போனோம். தறியை நிறுத்தினார்கள். அவர் மனைவி தேசம்மா ஸ்டூல் மேல் ஏறி, மேலே தொங்குகிற அட்டையை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் படித்தார். ஓட்டை, ஓட்டை, மூடு, ஓட்டை, மூடு, மூடு. நான் தரையில் உட்கார்ந்து ஓட்டைக்குக் கட்டத்தைக் கறுத்தேன். மேரி சரிபார்த்தாள். முனுசாமிக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போயிற்று. சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"கட்டிக்கினு வந்த நாள்லேருந்து எங்கிட்ட இவ்ளோ பேசினதில்லபா இவ."

"அட்டை காது குடுத்துக் கேட்டுக்கினு இருக்குது. நீ எங்க கேக்கற?" என்றார் தேசம்மா, கையை எடுக்காமல். உடனே அடுத்த வரி. மூடு, மூடு, ஓட்டை.

கழுத்து வலித்தது அவருக்கு. முதுகு வலித்தது எனக்கு. பேப்பரில் முதலில் கால் வந்தது, பிறகு வயிறு, பிறகு தும்பிக்கை. முழுசாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தோம். அந்த அட்டையில் ஓட்டை கிழிந்து போனதால் முனுசாமி சோற்றுப் பசை தடவிக் காகிதம் ஒட்டி மூடியிருந்தார். கரையில் யாளி அதற்கப்புறம் பொக்கை வாயோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நாகையாவிடம் சொன்னோம். முந்தியில் மட்டும் பல் இருந்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்காது என்று யோசித்தார்.

"யாளிக்கு வயசாயிடுச்சு. வுடும்மா."

முந்தி குத்தினோம். புடவை நேரத்துக்குப் போயிற்று. கல்யாணமும் நடந்தது. பல்லை எண்ணிக்கொண்டு யாரும் வரவில்லை.

பிறகு மேரி ஒன்று கேட்டாள். அந்த யாளியைச் சிடியில் போட்டு எல்லாருக்கும் கொடுக்கலாமா என்று. நம் ஊரில் டிசைனை வெளியே காட்டவே மாட்டார்கள். ஆனால் நாகையா சரி என்றார், பேர் போட வேண்டும் என்றார். போட்டாள். வரைந்தது நாகையா, படித்தது தேசம்மா, கட்டம் போட்டது நான். அதுவரை என் பெயர் ரேஷன் கார்டில்தான் அச்சில் இருந்தது. அடிக்கடி திறந்து பார்த்துக்கொள்வேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

எதற்கு இவ்வளவும் சொல்கிறேன் என்றால், அந்தக் கம்பெனி ஆள் டீயைக் குடித்துவிட்டு, "ரெடி டிசைனே நெறைய குடுத்திருக்கோம்க்கா" என்று ஒரு பக்கத்தைத் திறந்தார். மாங்காய், அன்னம், ருத்ராட்சம், வரிசையாக ஓடியது. நடுவில் யாளி. நிறுத்தச் சொன்னேன். பெரிதாக்கச் சொன்னேன். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை.

நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. யார் வரைந்தது என்று கேட்டேன்.

"கம்பெனிதுக்கா."

கீழே பார்த்தேன். மூன்று பெயர்கள் இருந்த இடத்தில் கம்பெனியின் முத்திரை இருந்தது.

மவுஸைக் கொடுங்கள் என்று வாங்கினேன். பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். வைக்க விடவில்லை. அக்கவுண்ட் திறந்து காசு கட்டுகிற மேல்திட்டத்தில் சேர்ந்தால்தான் மாற்றலாம் என்று எழுதி வந்தது.

"ஒரு பல்லு கம்மியா இருக்குதுபா" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"டிசைனே அப்படித்தான்க்கா."

நல்ல ஆள். அவருக்கு என்ன தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். போகும்போது லேப்டாப் மூடியின் பொட்டு அழியாமல் பையில் வைத்துக்கொண்டார்.

மேரிக்குப் போன் செய்தேன். அவள் இப்போது சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறாள். இந்த சிஸ்டம் வந்து நம்முடையதை ஒழித்துவிடுமா என்று கேட்டேன். ஒழிக்க முடியாது என்றாள். என் மிஷினில் இருப்பதை யாரும் வந்து எடுக்கப்போவதில்லை என்றாள். அவன் சிஸ்டத்துக்கு உள்ளேயே பாதி லினக்ஸுக்காக நம் ஆட்கள் சும்மா எழுதிக் கொடுத்ததுதான் ஓடும் என்றாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. யாளியைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல பூட்டு இருக்குதா மேரி?"

"இருக்குது. வெளிய தெரியாது."

அந்தக் காலத்துப் பூட்டு கையில் பிடிக்கிற மாதிரி இருந்தது. சந்தனம் பூசிக் கெடுக்கவாவது முடிந்தது. இதில் எங்கே பூசுவது?

அடுத்த திங்கட்கிழமை பட்டுக்கடைக்கு நேரில் போய் மாறமாட்டேன் என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். யாளிக்குப் பல் இல்லை என்று சொன்னால் புரியாது. என் மிஷின் பழசு, தாங்காது என்றேன். அப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன். தீபாவளி வேலை இந்த வருஷம் இருக்காது. சின்னக் கடைகளும் தறிக்காரர்களும் வருகிறார்கள். ஓடுகிற வரை ஓடட்டும்.

நாகையா இல்லை. அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். தேசம்மா தன் மகன் வீட்டோடு போய்விட்டார். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ரூமில் பிளாஸ்டிக் நாற்காலியும் மைக்செட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேரியோடு உட்கார்ந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

அன்று சாயங்காலம் என் மிஷினில் யாளியைத் திறந்தேன். பல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். வைக்க விட்டது. பார்த்தேன். யாளி வேறு யாரோ மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஒரு பென்டிரைவில் சிஸ்டத்தையும் வரைகிற புரோகிராமையும் யாளியையும் போட்டு, மேஜை மேலேயே வைத்திருக்கிறேன். யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றுதானே பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறக்கிறேன். கேட்டு ஒருவரும் வருவதில்லை.