அணைத்துக் கொடுத்த விளக்கு

பட்டறையில் அவருக்கு லைட் டாக்டர் என்று பெயர். கார் ஓட்டுபவர்களைப் பயமுறுத்தும் மஞ்சள், சிவப்பு விளக்குகளை அணைத்துக் கொடுப்பது அவர் தொழில். பழுதைச் சரிசெய்தாரா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தக் காலத்துக் காருக்குள் முப்பது நாற்பது சின்னக் கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்து ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சில் பாதி அவருக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வராது.

நான்கு மாதம் முன்பு அவருடைய தங்கை, கணவரையும் காரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்றது. லைட் டாக்டர் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். சீட்டுக்கு அடியில் தண்ணீர் புகுந்த ஏர்பேக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிக் காயவைத்தார், பிளக்குகளைத் தேய்த்தார். ஒன்றும் மசியவில்லை. ஷோரூமுக்குக் கொண்டுபோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கண்ணனுக்குத் தெரியாததே இல்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பவளிடம் அதைச் சொல்ல மானம் இடங்கொடுக்கவில்லை. ஏர்பேக் விளக்கின் ஒயரை ஆயில் விளக்கோடு சேர்த்து முறுக்கிவிட்டார். சாவி போட்டதும் இரண்டும் எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் இரண்டும் அணையும். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி மாப்பிள்ளையிடம் சாவியை நீட்டினார்.

போன வாரம் மாப்பிள்ளை பாலத்துச் சுவரில் மோதினார். ஏர்பேக் விரியவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் இறங்கி அங்கேயே உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த இன்சூரன்ஸ் கம்பெனி ஆள், நசுங்கிய காரில் லேப்டாப்பைச் செருகிப் பார்த்தார். டாஷ்போர்டைப் பிரிக்கவில்லை. பழுது நான்கு மாதமாக விடாமல் பதிவாகியிருக்கிறது, விளக்கு எரிந்திருக்கும், ஓட்டியவரின் அலட்சியம் என்று எழுதப்போனார். தங்கை குறுக்கே விழுந்தாள். எரிந்திருந்தால் அவர் என்னிடம் சொல்லாமல் இருக்கமாட்டார் என்று மன்றாடினாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுண்ணே. நீ சொன்னா நம்புவாங்க."

லைட் டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. மனசாட்சி குத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். டாஷ்போர்டைப் பிரித்தால் தன் குட்டு உடைந்துவிடும் என்ற பயம், அவ்வளவுதான்.

"நான் பார்த்தப்போ அணைஞ்சுது. மறுநாளே திரும்ப எரியுதுன்னு மாப்பிள்ளை போன் பண்ணாரு. உடனே கொண்டாங்கன்னேன். கேக்கல."

கம்பெனி ஆள் அதை அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பினார். அண்ணன் பொய் சொல்லுவான் என்ற நினைப்பு தங்கைக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

"எங்கிட்ட சொல்லவே இல்லையேண்ணே" என்றாள்.

அண்ணனோடு வீட்டுக்குப் போனதும் கணவரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ஏன் என்று மகள் கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு நம்ம மேல அக்கறையே இல்லம்மா. மாமா அவ்வளவு சொல்லியும் கேக்கல."

குழந்தை மாமாவை நிமிர்ந்து பார்த்தது. ஆமாம் என்று அவர் தலையாட்டினார்.