வெள்ளை அட்டையில் நின்ற ‘அது’

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கிறது என் அறை. மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் சில பட அட்டைகளைக் காட்டிக் கதை சொல்லச் சொல்வேன். அட்டை நோயைக் கண்டுபிடிக்காது. மனசில் எது முட்டிக்கொண்டு நிற்கிறது, பேச்சை எங்கே தொடங்கலாம் என்று கொஞ்சம் காட்டும், அவ்வளவுதான். இதை ஜோசியம் என்று நினைத்து வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வந்தவர் பெரும்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

“அவ மேல அது ஏறிக்கிச்சு மேடம். கதவாண்ட பாத்து சிரிக்கிறா, பேசறா. வெள்ளிக்கிழம பேய் ஓட்ற எடத்துக்கு இட்டுனு போறோம். ஆஸ்பத்திரில உங்களாண்ட ஒரு தபா காட்டச் சொன்னாங்க, அதான்.”

அந்த மாதிரி இடங்களில் சங்கிலி போட்டுக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். “ஐயோ, கொஞ்சம் பொறுங்களேன் சார்!” என்றேன். எரிச்சல் குரலில் தெரிந்திருக்கும்.

அவரை வெளியே பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். சின்ன வயசுதான். நெற்றி முழுக்க யாரோ அப்பிய விபூதி. எல்லா அட்டைக்கும் “தெர்லக்கா” என்ற ஒரே பதில். கடைசியாக ஒன்றுமே வரையாத வெள்ளை அட்டையை நீட்டினேன். அதில் ஒரு படம் இருப்பதாக நினைத்துக் கதை சொல்ல வேண்டும். பலரும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லையே மேடம்?” என்பார்கள். இவள் முகம் மலர்ந்தது.

“கதவாண்ட நின்னுகினு கீது,” என்று முணுமுணுத்தாள். “தல ஈரமா கீது. துண்டு எட்த்தா, தொவட்டி வுடுன்னு கேக்குது.”

அவள் கண் அட்டையைத் தாண்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவுக்குப் போனது. எனக்குப் பிடரி சில்லிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது.

“பாவம்க்கா அது,” என்றாள்.

பேயைப் பார்த்து யாராவது பாவம் என்பார்களா? சேலையூர்க் காலனியில் வளர்ந்த என் காதுக்கு ‘அது’ என்றால் ஒரு பொருள், ஒரு மிருகம், இல்லாவிட்டால் பேய். ஆனால் இவர்கள் வீடுகளில் செல்ல மகளும் ‘அது’தான். அது தூங்கிச்சா, அது ஸ்கூலுக்குப் போச்சா என்றுதான் கேட்பார்கள்.

“அது உங்க பொண்ணாம்மா?”

அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள். “காய்ச்சல்ல போய்ட்சுக்கா. பேரச் சொன்னா திரும்பி வந்துடும், சொல்லாதன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அதான் அதுன்னே சொல்லிகினு கீறேன்.”

பெற்றவளைப் பிள்ளையின் பெயர் சொல்லி அழக்கூட விடவில்லை.

“இங்க சொல்லலாம்மா.”

முதலில் உதடு மட்டும் அசைந்தது. பிறகு, கீழே விளையாடுகிற பிள்ளையை மாடியிலிருந்து கூப்பிடுவது மாதிரி, உரக்கக் கூப்பிட்டாள்.

கதவு படாரென்று திறந்தது. அவள் கணவர். எங்களை அவர் பார்க்கவே இல்லை. கதவுக்குப் பின்னால் குனிந்து, ஒரு குழந்தையின் உயரத்தில் தேடினார்.

“எங்க? எங்க கீது அது?”

“நீயும் பாத்தியா?” என்றாள் அவள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “தல ஈரமாவே கீதுடி.”

அவள் முணுமுணுத்தது சாத்திய கதவைத் தாண்டிக் கேட்டிருக்காது. இவர் கண்ணுக்கும் அது இத்தனை நாளாகத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

“கடைசியா குளிப்பாட்டுனாங்களே,” என்று என்னிடம் சொன்னார், “தொவட்டவே வுடல மேடம். நேரமாச்சுன்னு தூக்கிட்டாங்க.”

வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் இங்கேயே வரச் சொன்னேன். வந்தார்கள். அவள் பையில் ஒரு சின்னத் துண்டு இருந்தது. நான் மூன்றாவதாக ஒரு நாற்காலியை இழுத்து, கதவுக்குப் பக்கத்தில் போட்டேன்.