அடுப்படிச் சாமியை வழியனுப்பப் போனோம்

காலை 8.40. டோர்ட்மண்ட் பிரதான ரயில் நிலையம். பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. மழையா பனியா என்று தனக்கே தெரியாத ஏதோ ஒன்று மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி வசந்தாவின் மடியில் மோதகம் நிறைந்த டப்பா. என் காலடியில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி. அதற்குள் முப்பத்தொரு சாமிகள்.

சாமி என்றால் சிலையல்ல, கலண்டர். இங்குள்ள தமிழ்க் கடைகளில் மார்கழி மாதத்தில் சாமான் வாங்கினால் ஒரு கலண்டர் சும்மா தருவார்கள். மேலே பெரிய சாமிப்படம், கீழே பன்னிரண்டு மாதத் தாள்கள், தலையில் ஒரு தகரப் பட்டி. வருடம் முடிந்ததும் தாள் பழசாகிவிடும், சாமி பழசாகமாட்டார். அவரை எறியவும் முடியாது, இரண்டாம் வருடம் மாட்டவும் முடியாது. எனவே கீழே நிலவறைக்குப் போவார். 1995 தொடக்கம் எங்கள் வீட்டில் இதுதான் நடைமுறை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் அலுமாரிக்குப் பின்னால் இப்படி ஒரு கட்டு இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

எங்கள் கெட்டகாலம், வீட்டு நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. நிலவறையில் குழாய் மாற்றப்போகிறார்களாம், பெப்ரவரி முடிவுக்குள் எல்லாவற்றையும் அகற்றவேண்டுமாம். மகள் ஒரே சொல்லில் தீர்ப்பளித்தாள்: நீலத் தொட்டி. அதாவது பழைய கடதாசி போடும் தொட்டி.

"முருகனைக் கொண்டுபோய்ப் பால்பெட்டியளோடை போடுறதே? எனக்கு ஏலாது," என்றாள் வசந்தா.

கோயிலில் கேட்டோம். பழைய படங்களை இங்கே வைத்துவிட்டுப் போகவேண்டாம் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ஆற்றில் விடலாம் என்றால் ரூர் நதியில் கடதாசி போட்டவனுக்கு அபராதம் வரும். எரிப்பதா, சாமியையா? அந்தச் சொல்லையே வசந்தா காதில் விழுத்த விரும்பவில்லை. இந்த இக்கட்டில்தான் ஹைகேயின் நினைவு வந்தது.

ஹைகே என்னோடு பன்னிரண்டு வருடம் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்த ஜேர்மன் பெண். இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு, சவர்லாண்ட் மலைப்பகுதியில் தன் சித்தி விட்டுப்போன வீட்டில் குடியேறிவிட்டார். தேவாலயத்திலிருந்து எப்போதோ விலகியவர். பழைய தெய்வங்களை வழிபடுகிறவர்கள் என்று இந்த நாட்டில் ஒரு சிறு கூட்டம் உண்டு, அதில் ஒருவர். ஆனால் மற்றவர்கள் இடிக்கும் மின்னலுக்கும் உரிய வட ஐரோப்பியத் தேவர்களைத் தேடிப்போக, ஹைகேயின் மனம் சீனத்துப் புராணங்களில் போய் நின்றுவிட்டது. தொலைபேசியில் என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தார்.

"என்னிடமும் ஒரு காகிதச் சாமி இருக்கிறார். அடுப்புக்கு மேலே ஒரு வருடம் இருப்பார். பிறகு நெருப்பில் ஏறி வானத்துக்குப் போவார். உங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

வசந்தா மூன்று வாரம் யோசித்தாள். பிறகு நிபந்தனையோடு சம்மதித்தாள்.

"நான் வாறன். வந்து பாப்பன். மனசுக்குச் சரியாப் படேல்லையெண்டால் முப்பத்தொண்டையும் திருப்பிக் கொண்டுவந்திடுவன். பிறகு என்னோடை கதைக்கக்கூடாது."

காலை 9.30. வின்டர்பேர்க் போகும் ரயில். மாதம் 63 யூரோ கட்டும் நாடுமுழுப் பயணச்சீட்டு எங்கள் இருவரிடமும் இருந்ததால் தனியாகச் செலவில்லை. ரயில் பெட்டி நிறையப் பனிச்சறுக்குக்காரர்கள். ஷ்வேர்ட்டெ தாண்டியதும் வீடுகள் குறைந்து, ஆர்ன்ஸ்பேர்க் வரும்போது மரங்களில் வெள்ளை பிடித்திருந்தது. பரிசோதகர் வந்து என் பெட்டியைக் காலால் தட்டி, உள்ளே என்ன என்றார். சாமிகள் என்றேன்.

"அவர்களுக்குச் சீட்டு?"

"ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம்தானே?"

"எல்லோருமே ஆறு வயதுக்குக் குறைவா?"

"கடைசி ஐந்து பேர்தான்," என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்த நாட்டில் பரிசோதகரைச் சிரிக்கவைப்பது சின்ன விடயமல்ல.

அந்த உற்சாகத்தில் பெட்டியைத் திறந்து ஒரு கலண்டரை உருவினேன். 2003. வள்ளி தெய்வானையோடு முருகன். ஜனவரித் தாளில் வசந்தாவின் கையெழுத்து: மகளுக்குப் பல் Termin என்று வைத்தியரிடம் போகும் நேரம், வாடகை, யாரோ ஒருவரின் பிறந்தநாள். அதோடு நான்கு திகதிகளைச் சுற்றிப் பென்சிலால் சின்ன வட்டங்கள்.

"இது என்ன வட்டம்?"

"உது ஒண்டுமில்லை. வையுங்கோ அதை."

அவள் வாங்கி உள்ளே வைத்த வேகத்தில் எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். 2002இல் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடினார்கள். அதன் பிறகு நான் குடித்தேன். கொஞ்சநஞ்சமல்ல. கையை நீட்டியதில்லை, ஆனால் வீட்டில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசாத ஒரு காலம் இருந்தது. நான் வெறியோடு வந்த நாட்களைத்தான் அவள் குறித்து வைத்திருக்கிறாள் என்று எண்ணினேன். வெட்கமாக இருந்தது. மாதத்துக்கு நாலு நாள்தானே என்று மனதுக்குள் ஒரு நப்பாசையும் எட்டிப்பார்த்தது. மனிதன் தனக்குத் தானே போட்டுக்கொடுக்கும் விலைக்கழிவுக்கு அளவே இல்லை.

காலை 10.25. ஓல்ஸ்பேர்க். கணுக்கால் வரை பனி. ஹைகே தன் பழைய காரோடு நின்றார். அங்கிருந்து பதினொரு கிலோமீற்றர். ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அயலவர்கள் நல்லவர்கள், ஆனால் கதை விரும்பிகள் என்றார். நம் ஊர் மாதிரித்தான்.

வீட்டுக்குள் போனதும் வசந்தாவின் கண் ஒவ்வொரு மூலையாக மேய்ந்தது. சன்னலோரம் நிலவில் வாழும் ஒரு பெண்தெய்வத்தின் சிறு படம், அதன் முன் ஒரு தோடம்பழம். சுவர்த் தட்டில் பாம்பு உடலோடு இன்னொரு தேவி. பெயர் நூவா. அவள் முன்னால் ஐந்து நிறக் கூழாங்கற்கள்.

"ஒருகாலத்தில் வானம் உடைந்துபோனது," என்றார் ஹைகே. "இவள் ஐந்து நிறக் கல்லை உருக்கி ஒட்டினாள். என் கணவர் விட்டுப்போன வருடம் இந்தக் கதையை வாசித்தேன். வானம் உடைந்ததென்று இவள் உட்கார்ந்து அழவில்லை, அடுப்பை மூட்டினாள். எனக்கு அது பிடித்துக்கொண்டது."

தினமும் காலையில் ஒரு கோப்பைத் தேநீர் வைத்து, அன்றைக்குச் செய்யப்போவதை நூவாவிடம் சொல்வாராம். அவ்வளவுதான் பூசை. மந்திரம் தெரியாது, தெரிந்ததுபோல் நடிக்கவும் மாட்டாராம். செய்முறைகளைப் பாதி புத்தகத்தில் படித்தும் பாதி ஒரு சீனக் கடைக்கார அம்மாவிடம் கேட்டும் பழகியிருக்கிறார். "நான் இவர்கள் வீட்டு விருந்தாளி. விருந்தாளிக்குரிய அடக்கம் வேண்டும்," என்றார். வசந்தா முதன்முறையாகத் தலையாட்டினாள்.

அடுப்புக்கு மேலே அவர் இருந்தார். சிவப்பும் மஞ்சளுமாக அச்சடித்த காகிதம், நீண்ட தாடி, பக்கத்தில் மனைவி. வருடம் முழுவதும் புகையும் எண்ணெயும் பட்டுக் கறுத்திருந்தார்கள். சீன நாட்காட்டியில் அன்று பன்னிரண்டாம் மாதம் இருபத்துமூன்றாம் நாள். அன்றுதான் அடுப்படிச் சாமி வானுலகப் பேரரசரிடம் போய், அந்த வீட்டில் ஒரு வருடம் நடந்ததையெல்லாம் ஒப்புவிப்பாராம். யார் யாரைத் திட்டினார்கள், யார் சாப்பாட்டைக் கொட்டினார்கள், எல்லாம். அதனால் போகுமுன் அவர் உதட்டில் தேன் பூசுவார்கள். வாய் இனித்தால் சொல்லும் இனிக்கும்.

"இலஞ்சம்," என்றேன்.

"நன்றி என்றும் சொல்லலாம்," என்றார் ஹைகே. "ஒரு வருடம் எங்களைச் சகித்துக்கொண்டிருந்தாரே."

வசந்தாவின் மோதகங்களைக் கண்டதும் ஹைகேக்குத் தாளாத சந்தோசம். பல்லில் ஒட்டும் இனிப்பு கொடுத்தால் சாமி வாயையே திறக்கமாட்டாராம். இரண்டை எடுத்து முதலில் அவருக்குப் படைத்துவிட்டுத்தான் எங்களுக்கு உருளைக்கிழங்கு சூப் ஊற்றினார்.

பிற்பகல் 2 மணி. வழக்கமாக மாலையில் செய்வதாம். எங்கள் ரயிலுக்காகச் சாமி முன்கூட்டியே கிளம்பச் சம்மதித்தார். தோட்டத்தில் பனியை வழித்து, இரும்புச் சட்டியில் விறகு அடுக்கியிருந்தார் ஹைகே. வைக்கோலில் முடைந்த விரல் நீளக் குதிரை ஒன்றும் இருந்தது, சாமியின் வாகனம். பக்கத்தில் சின்னக் கோப்பையில் தேநீர்.

"மற்ற வருடங்களில் இதில் சாராயம் வைப்பேன்," என்றார். "நாக்குக் குழறினால் அவர் எதையும் சரியாகச் சொல்லமாட்டார். இன்றைக்குத் தேநீர் போதும் என்று நினைத்தேன்."

என் பழைய கதை அவருக்குத் தெரியும். மரக்கறி வெட்டும் மேசையில் நானே சொன்னதுதான். அதை நினைவில் வைத்து ஒரு போத்தலை ஒளித்துவைத்த அந்த மனதுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? "அப்படியென்றால் இந்த வருடம் அவர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லப்போகிறார், கவனம்," என்று மட்டும் சொன்னேன்.

தேன் பூசி, குதிரையோடு சாமியை நெருப்பில் வைத்தார் ஹைகே. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் கறுப்பாகி, ஒரு கீற்றுச் சாம்பல் அப்பிள் மரத்துக்கு மேலே போனது. ஹைகே கைகூப்பி நின்றார். வசந்தா அவரைப் பார்த்தாள், நெருப்பைப் பார்த்தாள்.

"போனவர் திரும்பி வருவாரோ?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டாள்.

"ஏழு நாளில். புதுவருடத்துக்கு முதல் நாள் புதுப்படம் மாட்டுவேன். அதில் வந்துவிடுவார்."

வசந்தா கைப்பையிலிருந்து கற்பூரப் பெட்டியை எடுத்தாள்.

"கோயில் ஓமத்திலையும் நெருப்புக்குத்தானே குடுக்கிறம்," என்றாள் என்னிடம். "நெருப்பு குப்பைத்தொட்டி இல்லை. எடுங்கோ அந்தப் பெரிய பெட்டியை."

கற்பூரம் ஏற்றித் தேவாரம் பாடினாள். ஹைகே ஒவ்வொரு கலண்டரிலும் தகரப் பட்டியைக் கழற்றினார். சாமி ஆகாயத்துக்கு, தகரம் மஞ்சள் தொட்டிக்கு, மாதத் தாள்கள் நீலத் தொட்டிக்கு. ஜேர்மனியில் வானுலகம் போவதானாலும் தரம் பிரித்துத்தான் போகவேண்டும். தாள்களைக் கிழிப்பது என் வேலை. ஒவ்வொரு சாமியின் உதட்டிலும் வசந்தா தேன் தொட்டு வைத்தாள். பிள்ளையாருக்குத் துதிக்கையை விலக்கி எங்கே வைப்பது என்று சற்றுத் திண்டாடினாள்.

பிறகு 2003 என் கைக்கு வந்தது. அடுத்தடுத்து 2004, 2005. அந்த நாளில் நாங்கள் சாமான் வாங்கிய கடைக்காரர் முருக பக்தர், மூன்று வருடமும் முருகனே. தாள்களைப் புரட்டினேன். 2003 ஜனவரியில் நாலு வட்டம். ஜூனில் ஆறு. 2004 ஏப்ரலில் பதினைந்து. நவம்பரில் ஏறக்குறைய எல்லாத் திகதியிலும் வட்டம். எனக்குக் குழம்பிவிட்டது. அந்த நவம்பரில் நான் குடியை விட்டுவிட்டேன். அது எனக்கு என் பெயரைப்போலத் தெரியும்.

"வசந்தா, இது நான் குடிச்ச நாளே?"

அவள் திரும்பிப் பார்க்காமல் தேன் கரண்டியைத் துடைத்தாள்.

"இல்லை. குடியாமல் வந்த நாள்."

2005ஐப் புரட்டினேன். தைப்பொங்கல் வரை வட்டம். அதன் பிறகு ஒன்றுமில்லை.

"பிறகு ஏன் போடேல்லை?"

"பிறகு எல்லா நாளும் வட்டம்தானே. சும்மா பென்சில்தான் தேயும்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மாதத்தில் இருபத்தேழு நாள் என்னை வெறுப்பதற்கு அவளிடம் காரணம் இருந்தது, அவள் மற்ற நாலு நாளை எண்ணியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் அதை என்னிடம் சொல்லிக்காட்டவும் இல்லை. ஹைகே விறகு எடுக்கப்போவதுபோல் கொட்டில் பக்கம் நகர்ந்துவிட்டார்.

என்னிடமிருந்து அந்தத் தாள்களை வாங்கி, நீலத் தொட்டிப் பக்கம் வைக்காமல், முருகனோடேயே சேர்த்துச் சுருட்டினாள் வசந்தா. நான் தேன் போத்தலை நீட்டினேன்.

"இவருக்குத் தேன் வேண்டாம்," என்றபடி நெருப்பில் வைத்தாள். "பாத்ததை அப்பிடியே போய்ச் சொல்லட்டும். உள்ளதே நல்லாத்தான் இருக்குது."

மாலை 5.10. ஓல்ஸ்பேர்க்கிலிருந்து திரும்பும் ரயில். எங்கள் பெட்டி காலி. ஹைகே தந்த மிச்சத் தேன் போத்தல் மட்டும் உள்ளே உருண்டது. இடையில் மெஷெட நிலையத்தில் ரயில் இருபது நிமிடம் காரணம் சொல்லாமல் நின்றது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கினாள், அவள் தலைமுடியில் கற்பூரமும் விறகுப் புகையும் மணத்தன. ஏதோ ஒரு நாட்டின் சாமியை, வேறொரு நாட்டுக்காரி, மூன்றாம் நாட்டு அகதிகளுக்குக் கடனாகத் தந்திருக்கிறார். முப்பத்தொரு வருடப் பாரம் இறங்கிய வழி அது.

மாலை 7.30. டோர்ட்மண்டில் எங்கள் அடுப்படி. ஹைகே வீட்டுச் சுவர் ஏழு நாளைக்கு வெறுமையாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை, இந்த வருடப் பிள்ளையார் ஜனவரி முதலாம் திகதியே வந்து அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். வசந்தா தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். எங்கள் ஆட்களிடம் மனைவிக்கு நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. அது அந்நியருக்குச் சொல்வது, மேடையில் சொல்வது. கலியாணம் முடிந்து இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கோப்பையை வாங்கியபடி அன்றைக்குச் சொன்னேன், தமிழில், முழுச் சொல்லாக.

வசந்தா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"அவருக்கும் கேட்டிருக்கும்," என்றாள்.