ஏழேகால் மணி காப்பி

இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், கெஞ்சிக் கூத்தாட எனக்கு நேரமில்லை. ஆனால் "கரெண்ட் கோளாறா இருக்கும்" என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். கோளாறு யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், வண்டி ரிப்பேர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எந்த வண்டிக்கு என்ன வேலை நடந்தது, எந்தப் பாகம் மாற்றினார்கள், அடுத்த சர்வீஸ் எப்போது, எல்லாம் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில். சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தது நான். நான் இருப்பது வேறு ஊர். அத்தான் கடை மூடும் நேரத்தில் தன் கையாலேயே பென்டிரைவில் காப்பி எடுத்துவந்தார். கொஞ்ச நாளாக அதையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால் "மறந்துட்டேன் மச்சான்" என்பார்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூல் வேன் கம்பெனி தேடி வந்தது. அத்தனை வேன்களின் சர்வீஸும் அத்தானுக்கே. ஒரே நிபந்தனைதான். தகவல் எல்லாம் தினமும் தானாகவே காப்பியாக வேண்டும், அப்படி ஒரு வாரம் விடாமல் ஆனதைக் காட்ட வேண்டும்.

அக்கா போன் செய்தாள். "டேய், இது கிடைச்சா மூச்சு விடலாம்டா. இல்லேன்னா கடையை இழுத்து மூடவேண்டியதுதான். வந்து செஞ்சு குடு."

லீவு போட்டுவிட்டு ஓடினேன்.

கடை மூடுவது ஆறரைக்கு. பேக்கப் தினமும் 7:15-க்குத் தானாகத் தொடங்கும்படி வைத்தேன். "ஏழேகாலுக்குக் காப்பி. யாரும் எதையும் அணைக்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொன்னேன். தலைமை மெக்கானிக்குக்கு 'பொறுமை' என்று பட்டப்பெயர். எதற்கெடுத்தாலும் பறக்கிற மனுஷன், அதனால். அவர் குடிக்கிற காப்பி என்று நினைத்து வாசலில் ஏழரை வரை காத்திருந்துவிட்டுத் திட்டிக்கொண்டே போயிருக்கிறார். காலையில் எல்லோரும் சிரித்தோம்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. தொடங்கியது 7:15. நின்றது 7:16. சுவரில் மெயின் சுவிட்ச் கைப்பிடி கீழே இறங்கிக் கிடந்தது.

அந்த மெயின் இருப்பது கேபினுக்குள், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில். ஷெட்டின் மறுகோடியில் குழி, குழிக்குள் வண்டி தூக்குகிற லிஃப்டின் மோட்டார். மோட்டாரில் கைவைப்பவர் குழியிலிருந்து "ஆஃபா?" என்று கத்துவார். கேபினில் இருப்பவர் கைப்பிடியை இறக்கிவிட்டு "ஆஃப்!" என்பார். அதற்குப் பிறகுதான் தொடுவார்கள். அங்கே எப்போதும் அதுதான் வழக்கம். இந்தத் தடவை நான் போனபோது குழியைப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். லிஃப்ட் ரிப்பேர் என்றார் அத்தான்.

"யார் இறக்கினது?" என்று கேட்டேன்.

"அந்தக் கைப்பிடியை நாங்க தொடறதே இல்ல சார்," என்றார் பொறுமை. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எனக்கே காது குத்தறீங்களா?"

போய் ஒரு யுபிஎஸ் வாங்கி வந்து மாட்டினேன். கரெண்ட் போனாலும் கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடும். மறுநாள் பார்த்தால் நின்றது 7:16. யுபிஎஸ் பட்டனையும் யாரோ அணைத்திருந்தார்கள். பட்டன் மேல் கறுப்பாகக் கிரீஸ் ரேகை.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரத்தை மதியம் 1:15-க்கு மாற்றினேன். அத்தனை பேரும் வெளியே மரத்தடியில் என் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தானும்தான். உள்ளே போய்ப் பார்த்தேன்.

1:16.

"விட்டுடு மச்சான்," என்றார் அத்தான். கை கழுவவே போகவில்லை, எச்சில் கையோடு நின்றார். "இந்தக் காண்ட்ராக்ட்டே வேணாம்."

வந்ததே எனக்கு ஆத்திரம். அக்கா அங்கே வேண்டாத தெய்வமில்லை, இவர் 'வேணாம்' என்கிறார்! நேரத்தை மறுபடி 7:15 ஆக்கினேன். எவனோ வேண்டுமென்றே செய்கிறான், கையும் களவுமாகப் பிடித்துச் செவிளில் ஒன்று விடுவது என்று முடிவு செய்தேன்.

அன்று எல்லோரையும் அனுப்பினேன். ஷட்டரை உள்ளிருந்து பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில். கேபினில் நாற்காலியை மெயினை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன்.

7:15. திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மினுக் மினுக்கென்றது.

ஷெட்டின் கோடியில் ஏதோ விழுந்தது. ணங்...

ஸ்பேனர் சிமெண்ட் தரையில் விழுகிற சத்தம். பிறகு ஒரு பலகை நகர்ந்தது.

"ஆஃபா?"

களைத்துப்போன, சாதாரணக் குரல். வேலை முடித்து வீட்டுக்குப் போகத் துடிக்கிறவனின் குரல். பயமே வரவில்லை எனக்கு. மாட்டினான் என்றுதான் நினைத்தேன்.

"யாருடா அது? வெளியே வாடா!"

"ஆஃபா?"

"இல்ல! ஆன்லதான் இருக்கு! என்னடா பண்ணுவே?"

செருப்பு இழுபடும் சத்தம். சரக்... சரக்... குழியிலிருந்து கேபினை நோக்கி.

கேபின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஷெட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் வந்தது. ஆள் வரவில்லை.

சரக்... சரக்...

கதவருகே நின்றது. மோட்டார் கருகினால் வருமே, அந்த வாடை.

எழுந்தேன். இரண்டு கையாலும் கைப்பிடியை மேலே அழுத்திப் பிடித்தேன். அப்போதும் கோபம்தான். விடமாட்டேன் என்ற வீம்பு.

என் கை மேல் ஒரு கை.

சூடாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை... ஆனால் கை. சொரசொரப்பான விரல்கள். அழுத்தியது.

நான் மேலே தள்ளினேன்.

அது கீழே.

டொக்.

இருட்டு.

யுபிஎஸ் ஒருமுறை பீப் என்றது. அதுவும் அணைந்தது.

என் காதோரம், மெதுவாக...

"ஆஃப்."

சரக்... சரக்... செருப்பு குழிக்கே திரும்பிப் போனது.

ஷட்டரை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. அத்தான் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றேன். தெருவிளக்கில் பார்த்தால் என் வலது புறங்கை மேல் நான்கு கிரீஸ் விரல்கள். பிறகு சோப்பு போட்டும் போகவில்லை.

அத்தான்தான் கதவைத் திறந்தார். கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். மனுஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மோட்டார்காரன்," என்றார்.

லிஃப்ட் ரிப்பேருக்கு வெளியிலிருந்து வந்தவராம். குழியிலேயே முடிந்துவிட்டார். நெஞ்சுவலி என்று அத்தான் அக்காவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஊருக்கும் அதேதான்.

"அன்னிக்கு கேபின்ல யாரு இருந்தது?" என்றேன்.

"நான்தான். காப்பி எடுத்துட்டிருந்தேன். கால்வாசி ஏறியிருந்துது. அவன் 'ஆஃபா'ன்னு கேட்டான். அணைச்சா திரும்ப முதல்லேர்ந்து ஏத்தணும்... மோட்டார்ல கை வைக்க அவனுக்கு எப்படியும் நேரமாகும், அதுக்குள்ள முடிஞ்சிடும்னு நினைச்சு... 'ஆஃப்'னு சொல்லிட்டேன் மச்சான்."

உள்ளேயிருந்து அக்கா, "யாருங்க அது?" என்றாள்.

"சொல்லிடாதே," என்று என் காலைப் பிடித்தார்.

வேன் கம்பெனி வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. தம்பி உருப்படியாக ஒரு வேலை செய்யவில்லை என்று அக்கா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தானை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அன்று வாசலில் காலை உதறிக்கொண்டு திரும்பினவன் நின்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"அந்தக் காப்பி முழுசா ஏறிச்சா?"

"ஏறிடுச்சு," என்றார் அத்தான். "அதை முடிச்சுட்டுத்தான் போய்ப் பார்த்தேன்."